புளோரிடாப் புழுப்பல்லி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய புளோரிடாவில், தோண்டினால் மணல் மட்டுமே வரும் ஒரு பகுதியில் குடியிருக்கிறேன். கோடை மழை பிடித்துக்கொண்டால் கைபேசிக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். கத்தரிப் பாத்தி கொத்தும்போது, முருங்கைக்குக் குழி வெட்டும்போது, மழை நின்றபின் வாசல் சிமெண்டில் என்று இளஞ்சிவப்பாக, ஒரு சாண் நீளத்தில், வளையம் வளையமாக ஒன்று கிடக்கும். "இது என்ன?" என்று கேட்பார்கள். ஊரில் இருக்கும் உறவினர்களும் அதே படத்தைப் பார்த்துவிட்டு வேறு கேள்விகளை அனுப்புவார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் அடையாளம், அப்புறம் வகைப்பாடு.

இது மண்புழுவா, பாம்பா? ரெண்டு மாதிரியும் இருக்கே.

இரண்டும் இல்லை. முதுகெலும்பு, மண்டையோடு, பல், நுரையீரல் எல்லாம் உள்ள ஊர்வன இது. ஆம்ஃபிஸ்பேனியா என்ற பெரிய குழுவில் வருகிறது. அந்தக் குழுவையே தமிழில் புழுப்பல்லிகள் என்று எழுதுகிறேன். புளோரிடாவில் இயல்பாக வாழும் புழுப்பல்லி ஒன்றே ஒன்றுதான். அதன் அறிவியல் பெயர் ரைனூரா புளோரிடானா. புளோரிடாவின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் இருக்கிறது. எல்லையைத் தாண்டி ஜார்ஜியாவின் தென்கோடியிலும் பதிவாகியிருக்கிறது.

பொதுவாக 18 முதல் 28 செ.மீ. வரை வளரும். மிகப் பெரியது சுமார் 40 செ.மீ. இருந்திருக்கிறது. தடிமன் ஏறக்குறைய ஒரு பென்சில் அளவு. கால் இல்லை, காதுத் துளை இல்லை, வெளியே தெரியும் கண்ணும் இல்லை.

மண்புழு இல்லைன்னு ஒரே பார்வையில எப்படிச் சொல்றது?

தொட்டால் போதும். மண்புழு ஈரமாக, வழவழப்பாக ஒட்டும். இது உலர்ந்திருக்கும். நான் முதன்முதலாகக் கையில் எடுத்தபோது எனக்கு வியப்பாக இருந்தது அதன் வலுதான். மூடிய விரல்களின் இடுக்கில் மூக்கை நுழைத்து நெம்பியது, யாரோ சுண்டுவிரலை உள்ளே திணிப்பதுபோல. மண்புழுவுக்கு அந்த உறுதி கிடையாது, அதற்கு எலும்பே இல்லையே.

அடுத்து வளையங்களைப் பாருங்கள். மண்புழுவின் வளையம் ஒரே தசைப்பட்டை. புழுப்பல்லியின் ஒவ்வொரு வளையமும் சின்னச் சின்னச் சதுரச் செதில்களால் ஆனது, செங்கல் வரிசை வைத்துக் கட்டியதுபோல. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்தக் கட்டங்கள் தெளிவாகத் தெரியும். தோல் உடம்போடு இறுக ஒட்டாமல் தளர்வாக இருக்கும். உள்ளே உடல் நகர, மேலே தோல் சுருங்கி விரியும்.

கடிக்குமா? விஷம் இருக்கா? வீட்ல குழந்தைங்க இருக்காங்க.

விஷம் இல்லை. மண்புழு, கறையான், சிலந்தி போன்றவற்றைத் தின்று மண்ணுக்குள்ளேயே வாழ்கிறது. மனிதருக்கு இதனால் ஒரு தீங்கும் கிடையாது. பயத்தில் மண்வெட்டியால் இரண்டாக வெட்டிவிட்டு எனக்குப் படம் அனுப்பியவர்கள் உண்டு. அந்தப் படங்களைப் பார்க்க மனசு கனத்துப் போகும்.

எது தலை, எது வால்? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு.

தலை ஆப்பு வடிவில், மேலிருந்து கீழாகச் சரிந்து, மண்வெட்டித் தகடுபோல் முடியும். பக்கவாட்டில் பார்த்தால் மேல்தாடை முன்னால் நீண்டிருக்கும், கீழ்த்தாடை அதன் அடியில் உள்வாங்கி இருக்கும். மண்ணைத் தள்ளும்போது வாய்க்குள் மணல் போகாமல் இருக்க இந்த அமைப்பு. மூக்கை முன்னால் செலுத்தி, தலையை மேலே தூக்கி, மணலைச் சுரங்கத்தின் கூரையில் அமுக்கிவிட்டு முன்னேறும்.

வால் மிகக் குட்டை. அதன் மேல்பக்கம் தட்டையாக, சின்னச் சின்ன முகடுகளோடு சொரசொரப்பாக இருக்கும். அதில் மணல் ஒட்டிக்கொண்டால் சுரங்கத்துக்கு ஒரு மூடி மாதிரி ஆகிவிடும், பின்னாலிருந்து வரும் எதிரிக்கு மணல்தான் தெரியும். இனத்தை உறுதிசெய்ய எனக்கு மிகவும் உதவுவது இந்த வால்தான். யாராவது படம் அனுப்பினால் "வாலின் மேல்பக்கம் ஒரு படம் அனுப்புங்கள்" என்று முதலில் கேட்பேன்.

நம்ம ஊர் இருதலைப் பாம்புதானே இது? லட்சக்கணக்குல விலை போகுமாமே?

இல்லை. நம் ஊரில் இருதலை மணியன், மண்ணுளிப் பாம்பு என்றெல்லாம் சொல்வது முழுமையான பாம்பு. அதற்குக் கண் உண்டு, பழுப்பு நிறம், கைத்தடி அளவுக்குத் தடிக்கும். வால் மொண்ணையாகத் தலைபோல் முடிவதால் இருதலை என்ற பெயர். புழுப்பல்லிக்கும் அதே காரணத்தால்தான் ஆம்ஃபிஸ்பேனியா என்ற பெயர் வந்தது. கிரேக்கத்தில் "இருபக்கமும் போவது" என்று பொருள். பழைய கிரேக்கக் கதைகளில் இரு முனையிலும் தலை உள்ள பாம்புக்கு இருந்த பெயரை 1758-ல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் இந்த உயிரிகளுக்குச் சூட்டினார். கிரேக்கர்களுக்கும் நம் கிராமத்தாருக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

விலை பற்றிய பேச்சு முழுக்க மோசடி. இருதலைப் பாம்பில் மருந்தும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. இந்தியாவில் அதைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தப் பொய்யால் எத்தனையோ பாம்புகள் செத்திருக்கின்றன. அதைப் புழுப்பல்லிமேலும் ஏற்ற வேண்டாம்.

பூந்தொட்டிக்கு அடியில கறுப்பா, மின்னிக்கிட்டு ஒண்ணு இருந்தது. அதுவும் புழுப்பல்லியா?

அநேகமாக அது நம் ஊர்க்காரர். தமிழ்நாட்டில் குருட்டுப் பாம்பு, புழுப்பாம்பு என்று சொல்கிறோமே, அதே பிராமினி குருட்டுப் பாம்பு. பூந்தொட்டி மண்ணோடு கப்பலேறி உலகமெங்கும் பரவிவிட்டது, புளோரிடாவிலும் நிலைத்துவிட்டது. இந்த இனத்தில் எல்லாமே பெண்கள். ஆண் இல்லாமலே முட்டையிட்டுப் பெருகுவதால் ஒன்று வந்து சேர்ந்தால் போதும்.

வேறுபாடு எளிது. குருட்டுப் பாம்பு கருமையாக, கண்ணாடிபோல் மின்னும், புழுப்பல்லி வெளிறிய இளஞ்சிவப்பு. குருட்டுப் பாம்பின் செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், வளையக் கோடு இராது. கண் இருக்கும் இடத்தில் இரண்டு சிறு புள்ளிகள் தெரியும், வால் நுனியில் ஒரு சின்ன முள் இருக்கும். ஆளும் சிறியவர், பெரும்பாலும் 15 செ.மீ.-க்குள்தான். பெயரில் மட்டும் கவனம் தேவை: புழுப்பாம்பு வேறு, புழுப்பல்லி வேறு.

சின்னதா கால் மாதிரி ஏதோ இருந்தது. புழுப்பல்லிக்குக் கால் உண்டா?

புளோரிடா இனத்துக்கு இல்லை. நீங்கள் பார்த்தது மணல் அரணையாக இருக்கலாம். மத்திய புளோரிடாவின் மணல் மேடுகளில் வாழும் அரணை இனம் அது. கால்கள் தேய்ந்து தேய்ந்து வெறும் நூல் துண்டுபோல் ஆகிவிட்டன, மணலுக்குள் நீந்துவதுபோல் போகும். அதற்குக் கண் உண்டு, உடலில் வளையக் கோடு கிடையாது. அமெரிக்க அரசின் அழிநிலைப் பட்டியலில் உள்ள விலங்கு என்பதால் அதைக் கையிலேயே எடுக்காதீர்கள்.

காலே இல்லாமல் ஒரு முழம், இரண்டு முழம் நீளத்தில் புல்லில் வேகமாக ஓடினால் அது கண்ணாடிப் பல்லி. கண்ணிமை இருக்கும், காதுத் துளை இருக்கும், பிடித்தால் வால் ஒடிந்துவிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் எங்க தோட்டத்துல வளையம் வளையமா ஒண்ணு வருமே, அதுவும் இந்த வகையா?

அது சிசிலியன். தவளைக்கும் தேரைக்கும் உறவான இருவாழ்வி. வளையமும் உண்டு, கண்ணும் மங்கல் என்பதால் படத்தில் மட்டும் பார்த்தால் குழப்பம் வருவது இயல்புதான். ஆனால் சிசிலியனின் தோல் ஈரமாக, கொழகொழப்பாக இருக்கும், வளையத்தில் செங்கல் கட்டம் இராது. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையில் ஒரு சின்ன உணர்கொம்பு வைத்திருக்கும். அப்படி ஓர் உறுப்பு வேறு எந்த முதுகெலும்பிக்கும் கிடையாது.

காலே இல்லாததைப் பல்லின்னு ஏன் சொல்லணும்? பாம்புன்னே வச்சுக்கலாமே.

கால் இல்லாமை ஓர் அடையாளமே ஆகாது. மண்ணுக்குள்ளும் புல்லுக்குள்ளும் வாழப்போன ஊர்வனவற்றில் பல கிளைகள் தனித்தனியாகக் காலை இழந்திருக்கின்றன. மேலே சொன்ன கண்ணாடிப் பல்லி ஒன்று, மணல் அரணை அதே பாதையில் பாதி தூரம் போயிருக்கிறது. பாம்புகள் இன்னொரு கிளை. புழுப்பல்லிகள் மற்றொரு கிளை.

உள்ளே திறந்து பார்த்தால் பாம்புக்கும் இதற்கும் உள்ள தூரம் தெரியும். பாம்பின் மண்டையோடு தளர்ந்த மூட்டுகளால் ஆனது, தன் தலையைவிடப் பெரிய இரையையும் விழுங்கும். புழுப்பல்லியின் மண்டையோடு இறுகிப் பிணைந்த ஓர் உளி. மேல்தாடையின் நடுவில், முன்னால், ஒற்றைப் பல் ஒன்று இருக்கும். அது கீழ்த்தாடையின் இரு பற்களுக்கு நடுவே வந்து பொருந்தி, இரையைத் துண்டாகக் கடித்தெடுக்க உதவுகிறது. எனக்கு இன்னும் ஆச்சரியம் தருவது நுரையீரல். உடல் ஒடுங்கும்போது இரண்டு நுரையீரலில் ஒன்று சுருங்கியாக வேண்டும். பாம்புகளிலும் காலற்ற மற்ற பல்லிகளிலும் சுருங்குவது இடது. புழுப்பல்லிகளில் சுருங்குவது வலது. ஒரே தேவைக்கு இரு கிளைகள் இரு வேறு வழியில் போயிருக்கின்றன.

நாங்க படிச்ச புத்தகத்துல பல்லி, பாம்பு, ஆம்ஃபிஸ்பேனியான்னு மூணு தனிப் பிரிவு போட்டிருந்ததே?

ஆமாம், வெகு காலம் அப்படித்தான் இருந்தது. லின்னேயஸ் இவற்றைப் பாம்புகளோடு வைத்தார். பின்னால் வந்தவர்கள் எங்கே வைப்பது என்று தெரியாமல் தனிப் பிரிவு ஆக்கினார்கள். 2004, 2005-ல் வந்த டி.என்.ஏ. ஆய்வுகள் ஒரு தெளிவான இடத்தைக் காட்டின: லசெர்ட்டிடே என்ற பல்லிக் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவு. அதாவது, பல்லி மரத்தின் உள்ளேயே முளைத்த ஒரு கிளை. பாம்புகளும் அதே பெரிய மரத்தின் வேறு ஒரு கிளைதான்.

லசெர்ட்டிடே என்றவுடன் ஐரோப்பியச் சுவர்ப் பல்லிகளைத்தான் சொல்வார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். தமிழ்நாட்டின் முள்காட்டுப் பொட்டல்களில் காலடி கேட்டதும் சருகுக்குள் விர்ரென்று ஓடும் பாம்புக்கண் பல்லி அதே குடும்பம். ஆகவே புளோரிடாப் புழுப்பல்லிக்கு நம் ஊரில் நெருங்கிய சொந்தம், நாலு காலும் நீண்ட வாலும் உள்ள அந்த ஓட்டக்காரப் பல்லி. உருவத்தில் ஒத்துப்போகும் இருதலைப் பாம்பு தூரத்துச் சொந்தம்.

ஜெர்மனியின் மெசெல் சுரங்கத்தில் கிடைத்து 2011-ல் விவரிக்கப்பட்ட கிரிப்டோலசெர்ட்டா என்ற புதைபடிவம், லசெர்ட்டிடே பல்லிகளுக்கும் புழுப்பல்லிகளுக்கும் இடைப்பட்டதாக முன்வைக்கப்பட்டது. வயது சுமார் 4.7 கோடி ஆண்டுகள். சின்ன உடல், சிறுத்த கால்கள், இறுகிய மண்டையோடு கொண்டது.

புழுப்பல்லியில மொத்தம் எத்தனை குடும்பம்? இது எதுல வருது?

இப்போது ஆறு குடும்பங்கள், சுமார் 200 இனங்கள். பெரும்பாலானவை ஆம்ஃபிஸ்பேனிடே குடும்பத்தில், தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ளன. மத்தியதரைக் கடல் ஓரத்தில் பிளானிடே, கியூபாவில் கடேயிடே, வட ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் ட்ரோகோனோஃபிடே. மெக்சிகோவில் பைபெடிடே. இந்தக் குடும்பத்து இனங்களுக்கு மட்டும் முன்கை இரண்டு உண்டு, பின்கால் கிடையாது. கழுத்தை ஒட்டிக் குட்டியாக, நகங்களோடு, தோண்டுவதற்கென்றே அமைந்த கைகள்.

ஆறாவது ரைனூரிடே. அதில் இன்று உயிரோடு இருப்பது ஒரே பேரினம், அதில் ஒரே இனம்: நம் புளோரிடாப் புழுப்பல்லி.

பெயருக்குப் பின்னால (பேர்ட், 1858)னு அடைப்புக்குறிக்குள்ள போடறாங்களே, எதுக்கு?

ஸ்பென்சர் ஃபுல்லர்டன் பேர்ட் என்பவர் 1858-ல் இந்த இனத்தை முதலில் விவரித்தார். ஆனால் அவர் வைத்த பெயர் லெபிடோஸ்டெர்னான் புளோரிடானம். அடுத்து எட்வர்ட் ட்ரிங்கர் கோப், 1861-ல், ரைனூரா என்ற தனிப் பேரினத்தை உருவாக்கினார். இனத்தை விவரித்தவரின் பெயர் நிலைக்கும், பேரினம் மாறியிருந்தால் அது அடைப்புக்குறிக்குள் போகும். விலங்கியல் பெயரிடலில் இது விதி. அடைப்புக்குறியைப் பார்த்தாலே "இதற்கு வேறு வீடு இருந்தது" என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்த லெபிடோஸ்டெர்னான் எங்க இருக்கு? அதுக்கும் மண்வெட்டி மூக்குன்னா ரெண்டும் ஒரே குடும்பம்தானே?

தென் அமெரிக்காவில். அதற்கும் தட்டையான மண்வெட்டித் தலைதான், அதனால்தான் பேர்ட் இதை அங்கே சேர்த்தார். அன்று கையில் இருந்தது ஊறவைத்த மாதிரிகள் மட்டும். தலை வடிவத்தை நம்பியதில் அவரைக் குறைசொல்ல முடியாது. அவருக்குப் பிறகும் ஒன்றரை நூற்றாண்டு காலம், உருவத்தை வைத்துப் பார்த்தவர்கள் மண்வெட்டித் தலையர்களை ஒன்றாகக் கட்டிவைக்கவே விரும்பினார்கள்.

2004-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அருங்காட்சியகங்களில் இருந்த பழைய எலும்புகளிலிருந்தே டி.என்.ஏ. எடுத்து, தோண்டும் தலைகள் ஒரே முறை தோன்றவில்லை, வெவ்வேறு கிளைகளில் பலமுறை தோன்றியிருக்கின்றன என்று காட்டியது. ஒரே விதமான மணலைத் தோண்டப் போனால் ஒரே விதமான கருவிதான் கிடைக்கும். வட அமெரிக்க மண்வெட்டியும் தென் அமெரிக்க மண்வெட்டியும் தனித்தனிப் பட்டறையில் அடித்தவை.

கை இருக்கிற மெக்சிகோ இனம்தான் ஆதி இனம், கை போனதெல்லாம் அப்புறம் வந்தது. சரிதானே?

நியாயமான ஊகம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் டி.என்.ஏ. மரத்தில் மற்ற எல்லாப் புழுப்பல்லிகளிடமிருந்தும் முதலில் பிரிந்து நிற்பது ரைனூரா. கையுள்ள பைபெடிடே அந்த மற்றக் கூட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. அப்படியானால் ரைனூராவின் மூதாதையர் தம் கையைத் தனியாக இழந்தார்கள், மற்றவர்கள் பின்னால் தனியாக இழந்தார்கள் என்று ஆகிறது. இழந்த கை மறுபடி முளைத்தது என்பதைவிட இது எளிதான விளக்கம். ஆதி இனம் என்ற சொல்லையும் விட்டுவிடுவது நல்லது. ரைனூராவும் கையுள்ள பைபெடிடேயும் இன்று வாழ்பவை, இரண்டுக்கும் பின்னால் அதே அளவு காலம் ஓடியிருக்கிறது.

இவ்வளவு பெரிய அமெரிக்காவுல புளோரிடால மட்டும் எப்படி?

ஒரு காலத்தில் அப்படி இல்லை. ரைனூரிடே குடும்பத்தின் புதைபடிவங்கள் வயோமிங், நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா போன்ற உள்நாட்டு மாநிலங்களில் ஏராளமாகக் கிடைக்கின்றன. பேலியோசீன் காலம் முதலே, அதாவது சுமார் 6 கோடி ஆண்டுகளாகவே, இந்தக் குடும்பம் வட அமெரிக்காவில் இருக்கிறது. கண்டத்தின் நடுப்பகுதி குளிர்ந்து வறண்டது அங்கே இவை மறைந்ததற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. வெப்பமான மணல் மிஞ்சிய தென்கிழக்கு மூலையில் ஒரே ஓர் இனம் தங்கிவிட்டது. கத்தரிப் பாத்தியில் மண்வெட்டி முனையில் புரளும் உயிர் அந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசு.

வடக்குல இருக்கறதும் தெற்குல இருக்கறதும் ஒரே இனம்தானா? மண்ணுக்குள்ளயே இருக்கறது எப்படிக் கலந்து வாழும்?

கூர்மையான கேள்வி. 2005-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.-வில் புளோரிடாவுக்குள்ளேயே பிரிவுகள் இருப்பது தெரிந்தது. மெதுவாக நகர்ந்து, மணல் மேடு விட்டு மேடு தாண்டாத உயிருக்கு அது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் தனி இனம் என்று பிரிக்க மரபணுக் கோடு ஒன்று மட்டும் போதாது, உருவத்திலும் மற்ற மரபணுக்களிலும் அந்தப் பிளவு தெரிய வேண்டும். ஆகவே இன்றைக்கு இது ஒரே இனம். படம் எடுக்கும்போது இடத்தையும் எழுதிவையுங்கள் என்று நான் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தியாவுல புழுப்பல்லி ஒண்ணுகூட இல்லையா? நிக்கோபார்ல இருக்குன்னு படிச்சேனே.

நிக்கோபாரில் இருப்பது டிபாமஸ் என்ற குருட்டுப் பல்லி. மண்ணுக்குள் வாழும், கண் செதிலுக்கு அடியில் மறைந்திருக்கும், ஆணுக்கு மட்டும் துடுப்புபோல் சின்னப் பின்கால் இருக்கும். ஆனால் அது வேறு குடும்பம், வளையமும் இல்லை. ஆம்ஃபிஸ்பேனியா குழுவில் இந்தியாவில் எதுவும் கிடையாது, இலங்கையிலும் கிடையாது.

நம்மவர்கள் உண்மையான புழுப்பல்லியைப் பார்க்க அதிக வாய்ப்புள்ள இன்னோர் இடம் வளைகுடா. குவைத், சவூதி, அமீரகம், ஓமன் மணலில் சாருட்னியின் புழுப்பல்லி வாழ்கிறது. மேலே சொன்ன ட்ரோகோனோஃபிடே குடும்பம். தலையை இப்படியும் அப்படியும் திருகித் திருகித் துளையிடும். குவைத்தில் வேலை பார்க்கும் ஒருவர் "பாம்புக்குட்டி" என்று அனுப்பிய படத்தில் வளையமும் செங்கல் கட்டமும் பளிச்சென்று இருந்தன.

கண்டா படம் எப்படி எடுக்கணும்? எடுத்தப்புறம் என்ன பண்றது?

நாலு படம் போதும்: முழு உடல், தலை பக்கவாட்டில் (கீழ்த்தாடை தெரிய வேண்டும்), வாலின் மேல்பக்கம், நடு உடலின் வளையங்கள் அண்மையில். பக்கத்தில் ஒரு கால் டாலர் நாணயம் வையுங்கள், அதன் குறுக்களவு 24 மி.மீ. என்பதால் அளவு தெரிந்துவிடும். இடம், தேதி, மழை பெய்ததா, என்ன மண் என்று ஒரு வரி எழுதுங்கள்.

வெயிலில் சிமெண்டில் வைத்திருக்காதீர்கள், சீக்கிரம் வாடிவிடும். மழைக்குப் பின் மேலே வந்தவற்றைப் பறவைகளும் கொத்திக்கொண்டு போகும். எடுத்த இடத்திலேயே, நிழலான தளர்ந்த மணலில், தலைப்பக்கம் கீழே சாய விடுங்கள். முதலில் மூக்கு இறங்கும். உடல் வளையம் வளையமாகப் பின்தொடரும். கடைசியாக அந்தத் தட்டை வால் மணல் அப்பிக்கொண்டு ஒரு கணம் நிற்கும், அப்புறம் எது வால், எது மணல் என்று உங்களுக்கே தெரியாது.